டேனியல் பூன்: பாட்டில் விடுபட்ட கடன்



1823-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் பைரனின் ‘டான் ஜுவான்’ என்னும் நெடும்பாட்டின் எட்டாம் காண்டம் வெளிவந்தது. ரஷ்யப் படைகள் துருக்கியரின் இஸ்மாயில் கோட்டையைத் தாக்கிய போரே அக்காண்டத்தின் பொருள். பிணக்குவியல்களையும் தீயையும் வருணித்துச் செல்லும் கவிஞர், நடுவழியில் போர்க்களத்தைச் சற்றே மறந்து, கடலுக்கு அப்பால் அமெரிக்கக் காட்டில் வாழ்ந்த ஒரு மனிதரை நினைத்துக்கொள்கிறார். மாந்தருள் மிக மகிழ்ச்சியானவர் அவரே என்கிறார். நகரங்களின் குற்றங்கள் தீண்டாதவர். நெடுநாள் நோயின்றி வாழ்ந்தவர். தம் மரங்களுக்கருகே பிறர் வீடு கட்ட வந்தால் இன்னும் தொலைவுக்குப் பெயர்ந்து சென்றவர் என்று அவரைப் புகழ்கிறார். அம்மனிதரின் பெயர் டேனியல் பூன். அவர் இறந்து அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

பாட்டு அழகானது. ஆனால் பாட்டில் வாழும் பூனும் வழக்குமன்றப் பதிவேடுகளில் வாழும் பூனும் ஒருவர்தாமா என்ற ஐயம், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு எழாமல் இராது. பதிவேடுகளில் உள்ளவர் உழவர்; ஷெரீப்; நில அளவையர்; குடிமக்கள் படையின் லெப்டினென்ட் கர்னல்; சட்டமன்ற உறுப்பினர்; எல்லாவற்றுக்கும் மேலாகக் கடனாளி. தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பட்டதும் கடன். பிறர்க்குச் செய்ய வேண்டியதும் கடன். பூனின் வாழ்வு இவ்விரு பொருளுக்கும் இடையே நடந்தது. கவிஞர்கள் முதற்கடனை அவருடைய தோளிலிருந்து இறக்கி வைத்தார்கள். அதனோடு இரண்டாவதும் இறங்கிப் போயிற்று.

உழவும் வேட்டையும்

பூன் 1734-இல் பென்சில்வேனியாவில், இன்றைய ரெடிங் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை ஸ்குவயர் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்து குடியேறிய குவேக்கர். நெசவும் கொல்லுத்தொழிலும் உழவும் அவருடைய தொழில்கள். பதினொரு மக்களுள் டேனியல் ஆறாமவர். மூத்த மகன் தம் சமயத்துக்கு வெளியே மணம் செய்துகொண்டதைத் தந்தை ஏற்றுக்கொண்டதால், குவேக்கர் சபை அவரை விலக்கி வைத்தது. 1750-இல் அக்குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பி, வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிக் குடியேறியது.

பள்ளிப் படிப்பு பூனுக்கு மிகக் குறைவு. அவர் எழுதிய கடிதங்களில் எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கும். ஆயினும் அவர் எழுதப்படிக்கத் தெரியாதவர் என்ற கதை பொய். 1770-இல் கென்டக்கிக் காட்டில் நண்பர்களோடு முகாமிட்டிருந்தபோது, பொழுதுபோக்குக்காக அவர்கள் கையில் இருந்த நூல் ‘கல்லிவரின் பயணங்கள்’. அக்கதையில் வரும் அரக்கர் நாட்டுத் தலைநகரின் பெயரை நண்பர் ஒருவர் அங்கிருந்த ஓடைக்குச் சூட்டினார். லல்பிகிரட் என்று திரிந்த அப்பெயரே இன்றும் அவ்வோடைக்கு வழங்குகிறது. இச்செய்தி ஏதோ இலக்கியக் கட்டுரையிலிருந்து கிடைப்பதன்று. 1796-இல் ஒரு நில எல்லை குறித்துப் பூன் சத்தியம் செய்து அளித்த வாக்குமூலத்திலிருந்து கிடைப்பது. ஒரு புனைகதையின் பெயர் ஓடைக்கு வந்து, அவ்வோடை ஒரு வழக்கின் சான்றாக நின்ற அந்த இடத்தில், பூனின் வாழ்க்கை முழுவதும் சுருங்கி நிற்கிறது எனலாம்.

1755-இல் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகத் தளபதி பிராடக் நடத்திய படையெடுப்பில் அவர் வண்டியோட்டியாகச் சென்றார். அப்படை சிதறியபோது, வண்டிக் குதிரை ஒன்றை அவிழ்த்து ஏறி உயிர்தப்பினார். மறு ஆண்டு ரெபெக்கா பிரையனை மணந்தார். அவர்களுக்குப் பத்துக் குழந்தைகள். கோடையில் சோளமும் காய்கறியும் விளைவித்து, இலையுதிர் காலம் தொடங்கியதும் மான்தோலுக்கும் நீர்நாய்த் தோலுக்குமாக மாதக்கணக்கில் காடு புகுவது அக்கால எல்லைப்புற உழவரின் வழக்கம். வீட்டில் ஏரைப் பிடித்ததும் பிள்ளைகளைக் காத்ததும் பெரும்பாலும் ரெபெக்காவே. பூனின் வேட்டைப் பயணங்களைப் பாடியவர் பலர். அப்பயணங்களுக்கு விலையாக ரெபெக்கா தனியே கழித்த பனிக்காலங்களைப் பாடியவர் அரியர்.

பிறர் நிலத்தில் இட்ட பாதை

1769 மே மாதம் ஐந்து பேரோடு பூன் கம்பர்லேண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குள் நுழைந்தார். அந்நிலம் ஆளற்றதன்று. ஷானி, செரோக்கி முதலிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலம் அது. 1768-இல் இரோக்குவா கூட்டமைப்பினர் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து அந்நிலத்தை விட்டுக்கொடுத்தனர். தங்களைக் கேளாது பிறர் செய்த அவ்வுடன்படிக்கையை ஷானியர் ஏற்கவில்லை. 1769 டிசம்பரில் பூனையும் ஒரு தோழரையும் பிடித்த ஷானியர், அவர்கள் சேர்த்த தோல்களைப் பறித்துக்கொண்டு, இனி இங்கு வரவேண்டா என்று எச்சரித்து அனுப்பினர். உயிரைப் பறிக்கவில்லை. வேலி தாண்டியவனை நிலத்துக்கு உரியவர் எச்சரிப்பது போன்றதே அச்செயல்.

பூன் மீண்டும் வந்தார். 1773-இல் ஏறத்தாழ ஐம்பது பேரோடு குடியேறப் புறப்பட்டபோது, பின்தங்கி வந்த சிறு குழு தாக்கப்பட்டது. பதினாறு வயதான மூத்த மகன் ஜேம்ஸ் சித்திரவதைக்குள்ளாகி மாண்டார். குடியேற்றம் அப்போது கைவிடப்பட்டது. மறு ஆண்டு நடந்த டன்மோர் போரில் கிளிஞ்ச் ஆற்றுக் குடியிருப்புகளைக் காத்ததற்காகப் பூன் குடிமக்கள் படையில் கேப்டன் ஆனார்.

1775-இல் ரிச்சர்ட் ஹென்டர்சன் என்பார் நிறுவிய டிரான்சில்வேனியா கம்பெனி, செரோக்கியரிடமிருந்து பெரும் நிலப்பரப்பை விலைபேசியது. அதற்குப் பாதை வெட்டும் பணியைப் பூன் ஏற்றார். முப்பது பேரளவில் கோடரியோடு சென்று அவர் இட்ட வழியே பின்னர் ‘வனாந்தரப் பாதை’ எனப் பெயர் பெற்றது. இலட்சக்கணக்கானோர் மேற்கே செல்லக் காரணமாயிற்று. பாதையின் முடிவில், கென்டக்கி ஆற்றங்கரையில் எழுந்த கோட்டைக்குப் பூன்ஸ்பரோ என்று பெயரிட்டனர். கூலியாகக் கம்பெனி அவருக்கு 2,000 ஏக்கர் நிலம் தருவதாகச் சொல்லியிருந்தது. 1778-இல் வர்ஜீனியா சட்டமன்றம் அக்கம்பெனியின் விலைப்பத்திரம் செல்லாது என்றது. கம்பெனிக்கு வேறிடத்தில் ஈடு கிடைத்தது. பாதை வெட்டியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தீர்ப்புக்கு நின்ற நாட்கள்

பூன் மும்முறை தம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக நின்றார். அவருடைய வீரச்செயல்களைவிட இம்மூன்றும் அவரை நன்கு காட்டுகின்றன.

முதலாவது 1778-இல். அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, பிப்ரவரி மாதத்தில், முப்பது பேரளவில் லிக்கிங் ஆற்றையொட்டிய கீழ் நீல உப்பூற்றில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். உணவு தேடித் தனியே சென்ற பூன் ஷானியரிடம் பிடிபட்டார். அவர்களோ பூன்ஸ்பரோவைத் தாக்கவே படையோடு வந்துகொண்டிருந்தனர். கோட்டை மதில் முற்றுப்பெறவில்லை. உள்ளே பெண்களும் குழந்தைகளும். பூன் ஷானியர் தலைவர் பிளாக்ஃபிஷிடம் பேசி, உப்புக் காய்ச்சியவர்களைத் தாமே சரணடையச் செய்தார். வசந்தத்தில் கோட்டையும் பணியும் என்று வாக்களித்தார். ஷானியர் திரும்பினர். பிளாக்ஃபிஷ் அவரைத் தம் மகனாகத் தத்தெடுத்து, ‘பெரிய ஆமை’ என்று பொருள்படும் பெயரிட்டார். நான்கு மாதங்கள் மகனாக வாழ்ந்த பூன், கோட்டையைத் தாக்க மீண்டும் படை திரள்வதைக் கண்டு ஜூன் மாதத்தில் தப்பினார். 160 மைல் தொலைவை நான்கே நாட்களில் கடந்து பூன்ஸ்பரோவை அடைந்தார். அவர் இறந்துவிட்டதாக எண்ணிய ரெபெக்கா பிள்ளைகளோடு வட கரோலினாவுக்குப் போய்விட்டிருந்தார். செப்டம்பரில் நடந்த முற்றுகையில் கோட்டை தப்பியது.

முற்றுகை முடிந்ததும் பூன் படைமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். பகைவரோடு சேர்ந்து தம் ஆட்களை விற்றார் என்பது குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டியவர்கள் வெளியாரல்லர், உடன் போரிட்ட ரிச்சர்ட் காலவேயும் பெஞ்சமின் லோகனும். பிடிபட்டவர்களுள் லோகனின் உறவினரும் இருந்தனர். பூன் தம் நோக்கத்தை விளக்கினார், மன்றம் விடுவித்தது, மேஜராகவும் உயர்த்தியது. எனினும் ஒருவரை விடுவிப்பது வேறு, அவர்மீது விழுந்த நிழலைத் துடைப்பது வேறு. அந்நாட்களைப் பற்றிப் பூன் அதிகம் பேச விரும்பவில்லை. இன்னொரு தீர்ப்பு எந்த மன்றத்திலும் நடக்கவில்லை. தம்மை மகனென்று கொண்ட பிளாக்ஃபிஷுக்கு அவர் செய்தது என்ன? அடுத்த ஆண்டே கென்டக்கிப் படையினர் ஷானியர் ஊரைத் தாக்கியதில் காயமுற்று பிளாக்ஃபிஷ் இறந்தார். ஓர் ஊரைக் காக்க இன்னொரு வீட்டின் நம்பிக்கையை முறிக்க வேண்டியிருந்த அந்நிலை, காட்டில் கவலையின்றி வாழ்ந்த மனிதர் என்ற படத்தில் எங்கும் பொருந்துவதில்லை.

இரண்டாவது 1780-இல். வர்ஜீனியாவின் புதிய நிலச் சட்டத்தின்படி உரிமைச் சீட்டு வாங்குவதற்காக, அண்டை அயலார் பலர் தங்கள் பணத்தைப் பூனிடம் ஒப்படைத்தனர். ஏறத்தாழ 20,000 டாலர் தாள்பணத்தோடு அவர் வில்லியம்ஸ்பர்க் நோக்கிச் சென்றார். வழியில் ஒரு சத்திரத்தில் உறங்கியபோது பணம் முழுவதும் களவு போயிற்று. ஊரில் சிலர் ஐயுற்றனர். பெருந்தொகை இழந்தவர்களுள் ஒருவரான தாமஸ் ஹார்ட், தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், வறுமையில் உழன்ற நாளிலும் பூனின் உள்ளம் உயர்ந்ததாகவே இருந்ததைத் தாம் அறிந்திருப்பதாகக் குறிப்பிட்டார். இழந்தவரே எழுதிய இச்சான்றை விடப் பெரிய புகழுரை எந்தக் காவியத்திலும் பூனுக்குக் கிடைக்கவில்லை. சிலர் அக்கடனை மன்னித்தனர். மன்னியாதார்க்குப் பூன் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது 1782-இல். கென்டக்கி மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டபின் பூன் ஃபேயெட் மாவட்டப் படையின் லெப்டினென்ட் கர்னலானார். 1781-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1782-இல் ஷெரீப்பும் ஆனார். அக்கால ஷெரீப் வேலை துப்பாக்கியேந்தித் திருடரைத் துரத்தும் வேலையன்று. வரி தண்டுவதும், மன்ற ஆணைகளைச் சேர்ப்பிப்பதும், பணம் கட்டாதார் பெயரைக் குறிப்பதும் அதன் பெரும்பகுதி. அந்த ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், பகைப்படையைத் துரத்திச் சென்ற 182 கென்டக்கியர் நீல உப்பூற்றருகே ஆற்றங்கரையில் நின்றனர். தடயங்கள் மறைக்கப்படாமல் கிடப்பதைக் கண்ட பூன், இது பொறி என்று எச்சரித்தார்; துணைப்படை வரும்வரை பொறுக்கச் சொன்னார். மேஜர் ஹியூ மக்கேரி ஆற்றில் குதிரையை இறக்கி ஏனையோரை அழைத்தார். கோழை என்ற பெயருக்கு அஞ்சி எல்லோரும் தொடர்ந்தனர். பூனும் தொடர்ந்தார். சில நிமிடங்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பூனின் இருபத்து மூன்று வயது மகன் இஸ்ரேல் தந்தையின் கண்ணெதிரே வீழ்ந்தார்.

அம்மாதம் முடிவதற்குள் பூன் வர்ஜீனியா ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். ஐந்நூறு பேர் துணைப்படை வேண்டும் என்றார். இத்தகைய ஆபத்தில் மக்களையும் தம்மையும் தொடர்ந்து இருத்துவதை இனி நியாயப்படுத்த இயலாது என்றார். மகனை இழந்த தந்தை ஓர் அதிகாரியாக எழுதிய கடிதம் அது. எச்சரித்தவர் பின்தொடர்ந்தது ஏன் என்ற வினா அவரை இறுதிவரை விடவில்லை. முதுமையில் அப்போரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் கண்கலங்கியதாகக் குடும்பத்தார் நினைவுகூர்ந்துள்ளனர்.

புகழும் பிடியாணையும்

1784-இல் ஜான் ஃபில்சன் என்ற பள்ளியாசிரியர் கென்டக்கியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நிலம் வாங்குவோரை ஈர்ப்பதே அதன் நோக்கம். அதன் பின்னிணைப்பாகப் பூனின் வாழ்க்கை, அவரே சொல்வது போன்ற நடையில் அமைந்திருந்தது. செய்திகள் பூனுடையவை, அலங்காரம் ஃபில்சனுடையது. மறு ஆண்டே பிரெஞ்சு மொழிக்கும் சென்ற அந்நூல், ஐம்பது வயதுப் பூனை ஐரோப்பா அறிந்த பெயராக்கியது. பைரனின் பாட்டுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அப்புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் பூனின் நிலம் கரைந்தது. வர்ஜீனியாச் சட்டத்தின்படி ஒருவர் நிலம் பெற நான்கு படிகள் ஏற வேண்டும். உரிமைச் சீட்டு வாங்கவேண்டும், நிலத்தைக் குறித்து அளவையரிடம் பதியவேண்டும், அளக்கவேண்டும், பின் ஆளுநரின் பட்டாப் பெறவேண்டும். எல்லைக்கல் கிடையாது. இந்த ஓடை, அந்தக் கருவாலி, வெட்டுக்குறி இட்ட இன்னொரு மரம் என்பவையே எல்லைகள். கூரை ஓடுபோல் ஒருவர் நிலத்தின்மேல் இன்னொருவர் நிலம் படிந்தது. காட்டின் ஒவ்வொரு மரத்தையும் அறிந்த பூன், காகிதத்தின் வழிகளில் தடுமாறினார். தாம் விற்ற நிலத்துக்குப் பின்னாளில் உரிமைக் குறை தோன்றியபோது, வாங்கியவர்க்கு ஈடுசெய்யும் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. பிறர் நிலத்துக்கு எல்லை காட்டிச் சான்று சொன்னால், தோற்ற பக்கத்தாரின் பகையும் வந்து சேர்ந்தது. சத்திரம் நடத்தினார், குதிரை வாணிகம் செய்தார், படைக்கு உணவுப்பொருள் தரும் ஒப்பந்தம் எடுத்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1787-ஆம் ஆண்டின் வரிப்பதிவில் ஏழு அடிமைகள் அவர் உடைமையாகக் குறிக்கப்பட்டுள்ளனர் என்பதையும் மறைத்தலாகாது. சுதந்திரத்தின் உருவமென்று அவரைப் பாடியவர்கள் இவ்வரியையும் விட்டுவிட்டனர்.

1798-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டில் கென்டக்கிச் சட்டமன்றம் ஒரு மாவட்டத்துக்குப் பூன் என்று பெயரிட்டுப் பெருமை செய்தது. அதே ஆண்டில், ஒரு வழக்கில் சான்று சொல்ல வராமைக்காக அவருக்குப் பிடியாணையும் பிறந்தது. ஒருகாலத்தில் ஷெரீப்பாக இருந்து ஆணை சேர்ப்பித்தவரை இன்னொரு ஷெரீப் தேடினார், கண்டுபிடிக்கவில்லை. மறு ஆண்டு பூன் குடும்பத்தோடு, அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த மிசௌரிப் பகுதிக்குப் பெயர்ந்தார். அண்டை வீட்டுப் புகை பொறாமல் காடு தேடிப் போனார் என்பது பாட்டு. வழக்கும் கடனும் துரத்தப் போனார் என்பது பதிவு.

மரத்தடி மன்றம்

ஸ்பானிய அரசு 1800-இல் பூனை ஃபெம் ஓசேஜ் பகுதிக்கு நீதி வழங்குபவராகவும் படைத்தலைவராகவும் அமர்த்தியது. வழக்குகளை அவர் மரத்தடியில் அமர்ந்து கேட்டதாக அவ்வூர் மரபு சொல்லும். சட்டநூல் கையில் இல்லை, வழக்கறிஞர் இல்லை, ஊரறிந்த நேர்மையே சட்டம். சட்டத்தின் நுணுக்கங்களால் நிலமனைத்தையும் இழந்தவர், நுணுக்கமற்ற மன்றம் ஒன்றில் பிறர்க்கு நீதிபதியானார்.

அரசு அளித்த 850 ஏக்கர் நிலமும் தங்கவில்லை. 1803-இல் அமெரிக்கா அப்பகுதியை விலைக்கு வாங்கியபின், குடியிருந்து பயிரிட்டு முறைப்படி பதியவில்லை என்று கூறி ஆணையர்கள் அவருடைய உரிமையைத் தள்ளினர். முதியவர் வாஷிங்டனுக்கு விண்ணப்பித்தார். 1814-இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி நிலத்தைத் திருப்பித் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ரெபெக்கா மறைந்திருந்தார். கிடைத்த நிலத்தில் பெரும்பகுதியை விற்றுப் பூன் கென்டக்கிக் கடன்களை அடைத்தார். எல்லோர்க்கும் கொடுத்துத் திரும்பியபோது கையில் அரை டாலரே எஞ்சியதாகவும், இனி நேர்மையற்றவன் என்று தம்மை எவரும் சொல்லமாட்டார் என்று நிம்மதியுற்றதாகவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. தொகை கதையாக இருக்கலாம். கடனடைத்தது கதையன்று.

அக்கடைசி ஆண்டுகளில், மிசௌரிக்குப் பெயர்ந்து வந்திருந்த ஷானியர் சிலர் அவரைக் காண வருவதுண்டு என்றும், பழைய பகையின்றி அவரோடு வேட்டைக்கும் சென்றனர் என்றும் கூறுவர். நிலத்தை இழந்தவர்களும், அவர்கள் நிலத்தில் பாதையிட்டுப் பின் தாமும் நிலமிழந்தவரும் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்த காட்சி அது. 1820-இல் ஓவியர் செஸ்டர் ஹார்டிங் அவரை நேரில் கண்டு தீட்டினார். உயிரோடிருந்தபோது வரையப்பட்ட ஒரே படம் அதுவே. அவ்வாண்டு செப்டம்பர் 26-இல், மகன் நேத்தனின் வீட்டில், தம் எண்பத்தைந்தாம் வயதில் பூன் காலமானார். 1845-இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கென்டக்கிக்குக் கொண்டுசென்று சிறப்புடன் புதைத்தனர். எடுத்தது அவருடைய எலும்புகள்தாமா என்று மிசௌரியில் உள்ளோர் வழக்காடுவது இன்னும் ஓயவில்லை. வாழ்ந்தபோது நிற்க ஓரடி நிலம் உறுதிப்படாதவருக்கு, இறந்தபின் இரு மாநிலங்கள் உரிமை கோருகின்றன.

கவிஞர் பெருமக்களே, பைரன் பொய் சொன்னார் என்பது இவ்வுரையின் கருத்தன்று. போரின் கொடுமைக்கு எதிராக நிறுத்த அவருக்கு ஒரு தூய உருவம் தேவைப்பட்டது. தொலைவிலிருந்த பெயர் ஒன்று கைக்கு எட்டியது. ஆனால் தூய்மைப்படுத்தும்போது கழுவிப்போனவை அழுக்குகள் மட்டுமல்ல. ஆற்றங்கரையில் எழுந்த எச்சரிக்கை, பிறர் பணத்தை இழந்தவரின் தலைகுனிவு, தத்தெடுத்த தந்தைக்குச் செய்த துரோகம், இருபதாண்டுக்குப் பின்னும் அடைத்த கடன் ஆகியவையும் போயின. மனிதரோடு கட்டுண்டு, அவர்கட்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலையில் நின்றதே பூனின் வாழ்வு. யாருக்கும் எதற்கும் கடன்படாத பூன் மகிழ்ச்சியானவராக இருக்கலாம். மதிக்கத்தக்கவராக இருப்பதற்கு அவரிடம் ஒன்றும் இராது. ஒருவரைப் பாட எடுக்கும் கவிஞர், அவர் பட்ட கடனையும் சேர்த்துப் பாடினால், பாட்டு அவருக்குப் பட்ட கடனும் தீரும்.